கட்டி மேலே, காரணம் கீழே: நாயின் விரலிடுக்குக் கட்டிகளைச் சமாளிப்பது எப்படி?

லேப்ரடார், புல்டாக், பாக்ஸர், கிரேட் டேன் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: “கால் விரலுக்கு நடுவுல கட்டி வருது, உடையுது, ஆறுது. ஒரு மாசம் கழிச்சு அதே இடத்துல திரும்பவும் வருது.” ஒவ்வொரு முறையும் ஒரு ஊசி, ஐந்து நாள் மாத்திரை, ஒரு களிம்பு. நாய் கொஞ்ச நாள் நன்றாக நடக்கும். பிறகு மறுபடி நொண்டும், பாதத்தை நக்கும், காலைத் தொட்டால் உறுமும்.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் இன்டர்டிஜிட்டல் ஃபுரங்குலோசிஸ். பலரும் ‘சிஸ்ட்’ என்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் உள்ளே நீர்ப்பை எதுவும் இருக்காது. தோலுக்குள் வெடித்துப்போன மயிர்க்கால்களும் அவற்றைச் சுற்றிய ஆழமான வீக்கமும்தான் வெளியே கட்டியாகத் தெரிகின்றன. நீண்ட நாள் நீடிக்கும் நோய் இது. நாய்க்குக் கடுமையாக வலிக்கும். முழுமையாக ஒழிக்க முடியாத நாய்களுக்கும்கூட நன்றாகக் கட்டுப்படுத்தி, வலியில்லாமல் நடக்க வைக்க முடியும். அதற்கு மருத்துவரின் வேலை பாதி, வீட்டில் நடக்கும் வேலை பாதி.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

எடை கூடிய, குட்டை முடி உள்ள நாய் நிற்கும்போது அதன் விரல்கள் அகலும். பாத மெத்தை மட்டும் தாங்க வேண்டிய எடையை, மெத்தைகளுக்கு நடுவே முடி முளைக்கும் மென்தோலும் தாங்க வேண்டியதாகிறது. தரையில் உரசி உரசி அந்தத் தோல் தடிக்கிறது. விறைப்பான குட்டை முடிகள் தம் மயிர்க்காலுக்குள்ளேயே பின்னோக்கித் தள்ளப்படுகின்றன. வாய் அடைபட்ட மயிர்க்கால் வீங்கி, தோலுக்கு அடியிலேயே வெடிக்கிறது. முடியின் மூலப்பொருளான கெராட்டின் சதைக்குள் சிந்துகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிப் போராடத் தொடங்குகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்கின்றன. இந்த வீக்கம் வழி தேடி மேல்நோக்கி நகர்ந்து, பாதத்தின் மேற்புறத்தில் சிவந்த, பளபளப்பான கட்டியாக எழும்பி உடைகிறது.

ஆக, கட்டி மேலே இருக்கிறது. அது தொடங்கிய இடம் பாதத்தின் அடியில் இருக்கிறது. மேலே உடைந்த புண் காய்ந்ததும் சிகிச்சையை நிறுத்திவிட்டால், அடியில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் உள்ளே தழும்பு விழுவதால், அடுத்த முறை அதே இடம் இன்னும் எளிதாக வெடிக்கும்.

எடையும் உரசலும் மட்டும் காரணமல்ல. ஒவ்வாமையால் பாதம் அரித்து ஓயாமல் நக்கும் நாய்களுக்கும் இதே கதி நேரும். டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய பூச்சி மயிர்க்கால்களுக்குள் பெருகினாலும் அவை வெடிக்கும். தைராய்டு சுரப்புக் குறைவு, விரலிடுக்கில் கடிக்கும் உண்ணி, குத்தி உள்ளே போன முள் அல்லது புல் நுனி, மூட்டுவலியால் ஒரு காலில் மட்டும் எடை போடும் பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். உங்கள் நாய்க்கு இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் சிகிச்சையின் முதல் வேலை.

படி 1: பாதத்தைப் படிக்கப் பழகுங்கள்

நாய் அமைதியாகப் படுத்திருக்கும் நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், நான்கு பாதங்களையும் பாருங்கள். முதலில் மேற்புறம், பிறகு பாதத்தைத் திருப்பி, மெத்தைகளை மெல்ல விலக்கி அடிப்புறம். முடி உதிர்ந்து வழவழப்பான இடம், தடித்த தோல், கரும்புள்ளிகள், ஈரம், துர்நாற்றம், எச்சிலால் பழுப்பேறிய முடி, உண்ணி ஆகியவற்றைக் கவனியுங்கள்.

ஒரே பாதத்தில் ஒரே கட்டி திரும்பத் திரும்ப வந்தால் முள்ளோ வேறு அந்நியப் பொருளோ உள்ளே இருக்கலாம். வயதான நாயாக இருந்தால் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு, மூன்று பாதங்களில் வந்தால் ஒவ்வாமை, டெமோடெக்ஸ், உடல் எடை ஆகியவற்றின் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும். முன்னங்கால்கள் அதிக எடையைத் தாங்குவதால் அவற்றில்தான் இந்தக் கட்டிகள் மிகுதி.

வலியின் அறிகுறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பல நாய்கள் வலியில் கத்துவதில்லை. மாடிப்படி ஏறத் தயங்குவது, சரளைக் கல்லைத் தவிர்த்து நடப்பது, நடையின் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவது, பாதத்தைத் தொடும்போது இழுத்துக்கொள்வது, இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுப்பது எல்லாமே வலிதான்.

படி 2: சோதனைகளைக் கேட்டுச் செய்யுங்கள்

மேலோட்டமாகப் பார்த்து மருந்து எழுதி வாங்கி வருவதை இத்துடன் நிறுத்துங்கள். கால்நடை மருத்துவரிடம் இந்தச் சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்.

தோல் சுரண்டல் அல்லது முடி பிடுங்கிப் பார்க்கும் சோதனை: டெமோடெக்ஸ் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தெரியும். ஒவ்வொரு பாதக் கட்டிக்கும் இது அவசியம்.

சைட்டாலஜி: கட்டியில் கசியும் நீரைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றிப் பார்ப்பது. பாக்டீரியாவா, மலாசீசியா என்னும் ஈஸ்டா, இரண்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கல்ச்சர்: எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் சோதனை. ஏற்கெனவே பல முறை ஆன்டிபயாடிக் கொடுத்த நாய்க்கு இதைச் செய்யாமல் அடுத்த மருந்தைத் தொடங்குவது வீண்செலவு.

தேவைப்பட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, பயாப்சி ஆகியவற்றை மருத்துவர் சொல்வார்.

தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளுக்குப் போகலாம். சென்னை வேப்பேரியில் உள்ள, 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் கல்லூரிகளும் இத்தகையவை. பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

படி 3: வலிக்கு மருந்து கேளுங்கள்

கிருமிக்கு மருந்து வாங்கும் நாம் வலிக்குக் கேட்க மறந்துவிடுகிறோம். நாய்களுக்கென உள்ள வலி மாத்திரைகளை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் தருவார். வலி தணிந்த நாய்தான் பாதத்தைக் கழுவவும் துடைக்கவும் விடும். வீட்டுச் சிகிச்சை முழுவதும் இதை நம்பியே இருக்கிறது.

நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். மருத்துவர் தந்த வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் குடலில் ரத்தக்கசிவு ஏற்படலாம். வேறு மருத்துவரிடம் போனால் என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 4: மருந்தை முடிவு வரை கொண்டுபோங்கள்

இது தோலின் ஆழத்தில் உள்ள தொற்று. ஐந்து நாள் மாத்திரை போதாது. பல வாரங்கள் தேவைப்படும். தழும்பு மிகுந்த பாதங்களுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். புண் காய்ந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் நோய் இன்னும் இருக்கிறது. நிறுத்தும் நாளை மருத்துவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

பாதியில் நிறுத்துவதும், மிச்சம் இருந்த மாத்திரையை அடுத்த முறை தாமாகவே கொடுப்பதும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும்.

டெமோடெக்ஸ் என்று தெரிந்தால் சிகிச்சை வேறு. பூச்சியை ஒழிக்கும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதந்தோறும் தோல் சுரண்டிப் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு முறை பூச்சி இல்லை என்று வரும்வரை மருந்து தொடர வேண்டும். இந்தப் பூச்சி நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது.

‘அரிப்பு ஊசி’ என்று கேட்டு நாய்க்குப் போடச் சொல்லும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது கெட்ட மருந்தல்ல; தொற்று அடங்கியபின் மிஞ்சும் வீக்கத்துக்குச் சில நாய்களுக்கு அது தேவைப்படும். ஆனால் டெமோடெக்ஸ் உள்ள நாய்க்குப் போட்டால் பூச்சி பல மடங்கு பெருகும். சுரண்டல் சோதனைக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம்.

படி 5: பாதக் குளியல்

வீட்டில் நாம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது.

ஒன்று: அகலமான டப்பாவில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். கட்டி வீங்கி, உடையும் நிலையில் இருந்தால் ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து, பத்து நிமிடம் பாதத்தை அதில் வைத்திருங்கள். நாய் அந்த நீரைக் குடிக்க விடாதீர்கள், பேதியாகும்.

இரண்டு: பிறகு, மருத்துவர் எழுதித் தந்த குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவை விரலிடுக்குகளில் மேலும் கீழும் தடவுங்கள். பத்து நிமிடம் ஊற வேண்டும். உடனே கழுவினால் பலன் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தில் கழுத்தைத் தடவிக் கொடுங்கள்.

மூன்று: நல்ல நீரில் நுரை போகும்வரை கழுவுங்கள்.

நான்கு: பருத்தித் துணியால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். ஈரம் தங்கினால் செய்ததெல்லாம் வீண். பிறகு மின்விசிறிக் காற்றில் சிறிது நேரம் படுக்க வையுங்கள்.

நோய் தீவிரமாக இருக்கும்போது வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை ஷாம்பூ. அடங்கியபின் வாரம் ஒருமுறை. இடைப்பட்ட நாட்களில் நடைப்பயிற்சி முடிந்து வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டால் போதும். நீண்ட முடி உள்ள நாய்க்கு விரலிடுக்கு முடியைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டலாம். ரேசரால் மழிக்கக் கூடாது. மொட்டையடித்த முடி முளைக்கும்போது தோலைக் குத்தி உள்நோக்கி வளரும்.

படி 6: நக்குவதைத் தடுங்கள்

நாயின் நாக்கு புண்ணை ஆற்றும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இந்த நோயில் அது புண்ணைப் பெருக்குகிறது. ஓயாமல் உரசும் நாக்கு முடியை உள்ளே தள்ளும். எச்சிலின் ஈரத்தில் ஈஸ்ட் வளரும். கட்டி உடைந்திருக்கும் நாட்களில் கழுத்தில் ‘கோன்’ என்னும் கூம்பு வடிவத் தடுப்பை மாட்டுங்கள். சாப்பிடும்போதும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் கழற்றலாம்.

அரிப்பு இருக்கும்வரை கோன் தற்காலிக ஏற்பாடுதான். ஒவ்வாமைதான் காரணம் என்று தெரிந்தால், அரிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான மருந்தை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுங்கள். நம் தட்பவெப்பநிலையில் அவற்றுக்கு ஓய்வுக் காலம் கிடையாது.

படி 7: உணவுச் சோதனை

பாதம், காது, வயிற்றுப்புறம் என்று ஆண்டு முழுவதும் அரிக்கும் நாய்க்கு உணவு ஒவ்வாமை இருக்கலாம். நாய்களுக்கு அதிகம் ஒவ்வாமை தருபவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. நம் வீடுகளில் நாய்க்குப் போடுவது கோழிச் சோறு, பால் சோறு, தயிர்ச் சோறு, பிஸ்கட் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதுவரை நாய் சாப்பிட்டிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். கோழி மட்டுமே தின்று வளர்ந்த நாய்க்கு முள் நீக்கி வேகவைத்த மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுக்கலாம். இடையில் ஒரு பிஸ்கட், தாத்தா பாட்டி தரும் ஒரு வாய்ப் பால் சோறு, இறைச்சி மணமூட்டிய மாத்திரை எதுவும் கூடாது. ஒரு நாள் தவறினாலும் சோதனையின் முடிவை நம்ப முடியாது. எனவே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்து, பழைய உணவுக்குத் திரும்பியதும் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் அரித்தால் உணவுதான் காரணம். அதன்பின் நிரந்தரமாகக் கொடுக்க வேண்டிய சமச்சீர் உணவை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

படி 8: எடை, தரை, நடை

விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தாமல், ஆனால் விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் நாய் பருமன். சோற்றின் அளவைக் குறைத்து, நொறுக்குத் தீனியை நிறுத்துங்கள். எடை குறையக் குறைய விரலிடுக்குத் தோல் தரையைத் தொடுவது குறையும். குட்டை முடி உள்ள பெரிய நாய்களுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

நாய் படுக்கும் இடம் ஈரச் சிமெண்டுத் தரையாக இருக்கக் கூடாது. பாய், தடித்த துணி, ரப்பர் விரிப்பு எதையாவது போட்டு, வாரம் ஒருமுறை துவையுங்கள். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையை நல்ல நீரால் மறுபடி துடைத்து, காய்ந்தபின் நாயை விடுங்கள். அந்த ரசாயனம் புண்பட்ட தோலை எரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

கட்டி இருக்கும் நாட்களில் சரளைக் கல், குத்தும் புல் தரை வேண்டாம். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. விடியற்காலையும் இருட்டிய பிறகும் நடத்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரில் நடக்கவிடாதீர்கள். ஒவ்வொரு முறை வெளியே போய் வந்ததும் பாதம் துடைக்க வாசலில் ஒரு துண்டு தொங்கட்டும்.

படி 9: குறிப்பேடு

ஒரு பழைய நோட்டு போதும். தேதி, எந்தப் பாதம், எத்தனை கட்டி, நொண்டல் 0 முதல் 4 வரை எவ்வளவு, கொடுத்த மருந்து, புதிதாகத் தின்றது, மழையா வெயிலா என்று எழுதுங்கள். வாரம் ஒருமுறை அதே கோணத்தில் கைபேசியில் படம் எடுங்கள். சில மாதங்களில், மழைக்காலத்தில் கூடுகிறதா, குறிப்பிட்ட உணவுக்குப் பின் கூடுகிறதா என்பது உங்களுக்கே தெரியும். மருத்துவருக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது.

செய்யவே கூடாதவை

கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். பிதுக்கும்போது உள்ளே சிந்திய கெராட்டின் இன்னும் ஆழத்துக்குப் பரவும்.

மண்ணெண்ணெய், வண்டி ஆயில், கற்பூரம் கலந்த எண்ணெய் எதையும் பூசாதீர்கள். நாய் நக்கும் இடம் அது, இவை விஷம். வேப்பிலை, மஞ்சள் பூசுவதாலும் தோலின் ஆழத்தில் உள்ள தொற்று ஆறாது, நாட்கள்தான் கடக்கும்.

வலியில் இருக்கும் நாயின் பாதத்தைக் குழந்தைகள் தொடவிடாதீர்கள். மிகவும் சாதுவான நாயும் கடிக்கும். வெறிநாய்த் தடுப்பூசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகள்

பாதம் தாண்டிக் கால் முழுவதும் வீங்குவது, காலை ஊன்றவே முடியாமல் போவது, சாப்பாட்டைத் தொடாமல் சோர்ந்து படுப்பது, உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போவது, தோல் கறுப்பது, புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைப்பது. கடைசியாகச் சொன்னது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. நாற்றமும் துளைகளும் தெரிந்தால் அன்றே போங்கள்; ஒரு நாள் தாமதித்தால் புழு சதையைத் துளைத்து ஆழமாகப் போய்விடும்.

எல்லாம் செய்தும் அடங்காவிட்டால்

காரணத்தைக் கண்டுபிடித்து, மருந்தும் பராமரிப்பும் ஒழுங்காக நடந்தும் கட்டிகள் தொடர்ந்தால் சில வழிகள் மிச்சமிருக்கின்றன. நோய்எதிர்ப்பு வீக்கத்தை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள், சீர்கெட்ட மயிர்க்கால்களை எரித்து நீக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர், கடைசியாக விரலிடுக்குத் தோலை நீக்கி விரல்களை இணைக்கும் அறுவை சிகிச்சை. கடைசி வழி மீள முடியாதது. இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

இந்த நோயோடு வாழும் நாய்க்குத் தேவை அடுத்த புதுக் களிம்பு அல்ல. தினமும் பாதத்தைப் பார்க்கும் ஒரு மனிதர். இன்றைக்கே நான்கு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். இதுவரை தோல் சுரண்டல் சோதனை செய்ததில்லை என்றால், இந்த வாரமே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.